கேளுங்க அக்கா: கண்ணு மங்கினா கேமை மூடி வைக்கணுமா?

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம் தான். கதை சொல்ற வீடியோ கேம்ல பார்வை, காது, கை இதுல ஏதாவது குறை இருக்கவங்களுக்கு என்ன வசதி இருக்குன்னு டர்பன் பக்கத்துலேருந்தும் ஜோபர்க் பக்கத்துலேருந்தும் எழுதியிருக்கீங்க. அதனால சமையல் கேள்வி, விசா கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

அக்கா, என் மகனுக்கு 19 வயசு. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பார்வை ஓரத்துலேருந்து சுருங்கிக்கிட்டே வருது, இருட்டுல ஒண்ணுமே தெரியாது. ப்ளேஸ்டேஷன்ல கதை கேம்னா அவனுக்கு உசுரு. இப்ப கன்ட்ரோலரைத் தொடவே மாட்டேங்கிறான். வழி ஏதாவது இருக்கா?
— டோங்காட் வாசகி

இருக்கும்மா, நெறையவே இருக்கு. முதல்ல தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2ன்னு ஒரு கேம், 2020ல வந்தது, நாட்டி டாக் கம்பெனி செஞ்சது. அதுல 60க்கும் மேல ஆக்ஸஸிபிலிட்டி செட்டிங் வச்சாங்க, அதாவது குறை இருக்கவங்களும் ஆடற மாதிரி மாத்திக்கற வசதி. அந்த வருஷம் தி கேம் அவார்ட்ஸ் விழாவுல இதுக்குன்னே புதுசா ஒரு விருது ஆரம்பிச்சு முதல் விருதை இதுக்குத்தான் குடுத்தாங்க. பார்வையே இல்லாத பிராண்டன் கோல்ங்கிறவரை ஆலோசகரா கூட வச்சுக்கிட்டு செஞ்சது. அதனால தான் சும்மா பேருக்கு வச்ச மாதிரி இல்லாம நெஜமாவே ஆட முடியுது.

உங்க பையனுக்கு மொதல்ல உதவப் போறது ஹை கான்ட்ராஸ்ட். அதைப் போட்டுட்டா பின்னாடி இருக்கற காடு, கட்டடம், இருட்டு எல்லாம் சாம்பல் நிறத்துக்குப் போயிடும். நம்ம ஆளுங்க நீலம், எதிரி செவப்பு, எடுக்கவேண்டிய பொருள் மஞ்சள். இருட்டுல தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, இந்தக் கேம்ல நெறைய இடம் இருட்டு தான். அதனால இது இல்லாம ஆரம்பிச்சான்னா முதல் மணி நேரத்துலயே வெறுத்துப் போயிடுவான்.

அடுத்தது, எந்தப் பக்கம் போகணும்னு தெரியாம சுத்திக்கிட்டு இருக்கற பிரச்சனை. நேவிகேஷன் அசிஸ்ட் போட்டு ஸ்டிக்கை ஒரு அமுக்கு அமுக்கினா கதை போற திசைக்கு ஆளைத் திருப்பி விட்டுடும். மேடு விளிம்புல விழாம தடுக்கவும் ஒரு செட்டிங் இருக்கு. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தனிச் சத்தம் உண்டு, குனியணுமா தாண்டணுமா பொருள் எடுக்கணுமான்னு காதுலயே தெரிஞ்சிடும். எந்தச் சத்தம் எதுக்குன்னு மெனுவுல ஒண்ணொண்ணா கேட்டுப் பழகிக்கலாம். அதை ஒரு சாயங்காலம் உக்காந்து பழகச் சொல்லுங்க, அவசரப்பட்டா எல்லாம் குழம்பிடும். மெனுவை வாசிச்சுக் காட்டற டெக்ஸ்ட் டு ஸ்பீச்சும் இருக்கு, தமிழ்ல இல்ல, இங்கிலீஷ்ல.

இன்னொண்ணு சொல்லணும், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. பார்வை ஓரத்துலேருந்து சுருங்குறவங்களுக்குப் பெரிய டிவி, ஜூம் எல்லாம் பல சமயம் எதிரா வேலை செய்யும். படம் பெருசாக பெருசாக அவனுக்குத் தெரியற வட்டத்தை விட்டு வெளிய ஓடிடும். டிவியிலேருந்து தள்ளி உக்காரச் சொல்லுங்க, இல்லைன்னா சின்ன மானிட்டர் போட்டுப் பாருங்க, முழுப் படமும் அவன் வட்டத்துக்குள்ள வந்துடும். எழுத்து மட்டும் பெருசு பண்ணிக்கலாம்.

முதல் பாகத்தை 2022ல ப்ளேஸ்டேஷன் 5க்கு மறுபடி செஞ்சப்ப கதைக் காட்சிக்கெல்லாம் ஆடியோ டிஸ்கிரிப்ஷனும் சேர்த்துட்டாங்க. யாரும் பேசாம முகபாவனையிலயே கதை நகர்ற இடத்துல ஒரு குரல் என்ன நடக்குதுன்னு சொல்லும். அதனால முதல் பாகத்துலேருந்தே ஆரம்பிக்கச் சொல்லுவேன். ரெண்டுமே பெரியவங்களுக்கான கேம், ரத்தம் சண்டை எல்லாம் உண்டு, 19 வயசுங்கறதால தைரியமா சொல்றேன்.

நாளைக்குப் பார்வை இன்னும் கொறைஞ்சா? அதுக்கும் கேம் இருக்கு. தி வேல்: ஷேடோ ஆஃப் தி க்ரவுன்னு 2021ல வந்தது. கதாநாயகியே கண்ணு தெரியாத இளவரசி. திரையில பாக்கறதுக்கு ஒண்ணும் பெருசா இருக்காது, ஹெட்ஃபோன்ல வலது பக்கம் வாள் சத்தம் வந்தா வலது பக்கம் தடுக்கணும். போன்ல ஆடணும்னா எ பிளைண்ட் லெஜண்ட், பிரான்ஸ்ல 2015ல செஞ்சது, கண்ணு தெரியாத வீரனை அவன் மக கூட்டிட்டுப் போவா. இதெல்லாம் அவனைக் கட்டாயப்படுத்தி ஆட வைக்காதீங்க. "இப்படி ஒண்ணு இருக்காம்டா"ன்னு சொல்லிட்டு விட்டுடுங்க, அவனே வருவான்.

எதிரி தன்னால செவப்பாத் தெரியும், வழி தன்னால காட்டும், புதிரைத் தாண்டிப் போகலாம்னா அது ஏமாத்து வேலை இல்லையா? நாங்கள்லாம் கஷ்டப்பட்டுத் தானே முடிச்சோம்?
— லெனேஷியா வாசகர்

தம்பி, நீங்க தனியா வீட்டுல உக்காந்து கதை ஆடுறீங்க, இதுல யாரை யாரு ஏமாத்துறது? போட்டி கேமா இருந்தா பேசலாம். செலஸ்ட்டுன்னு 2018ல வந்த மலை ஏறற கேம், கஷ்டத்துக்கே பேர் போனது, அதுலயே அசிஸ்ட் மோட் வச்சிருக்காங்க. வேகத்தைக் கொறைச்சுக்கலாம், சாகாம இருக்கலாம், ஒரு அத்தியாயத்தையே தாண்டிடலாம். அதனால நீங்க ஏறின மலை ஒரு அடி கூட கொறையல.

ஒண்ணு மட்டும் உங்க பக்கம் ஒத்துக்கறேன். வெறும் "ஈஸி மோட்" வச்சுட்டு ஆக்ஸஸிபிலிட்டி குடுத்துட்டோம்னு சொல்ற கம்பெனிங்க மேல எனக்கும் கோவம் உண்டு. காது கேக்காதவங்களுக்கு எதிரி பலம் கொறைஞ்சு என்ன பிரயோஜனம்? அவங்களுக்கு வேண்டியது சப்டைட்டில். கை நடுங்கறவருக்குக் குறி வைக்கறது தான் கஷ்டம், புதிரெல்லாம் உங்களைவிட நல்லாவே விடுவிப்பார். எது யாருக்கு முடியலையோ அதை மட்டும் மாத்திக்க விடணும், அதுக்குத் தான் 60 செட்டிங்.

என் மகளுக்குப் பிறவியிலேருந்து காது கேக்காது. நல்லா படிப்பா, கதைன்னா பிடிக்கும். ஆனா கேம்ல சப்டைட்டில் எறும்பு சைஸ்ல வருது, யாரு பேசறாங்கன்னும் தெரியல. சைகை மொழியில கேம் வருமா?
— பீனிக்ஸ் வாசகர்

அய்யா, நம்ம நாட்டுல 2023 ஜூலைல தென்னாப்பிரிக்க சைகை மொழியை 12ஆவது ஆட்சி மொழியா ஆக்கினாங்க, சந்தோஷமான விஷயம், ஆனா கேம் கம்பெனிங்க இன்னும் அதுவரைக்கும் வரல. ஃபோர்ஸா ஹொரைசன் 5 கார் கேம்ல கதைக் காட்சிக்கு அமெரிக்க, பிரிட்டிஷ் சைகை மொழி பேசறவங்களை ஓரத்துல காட்டறாங்க, 2022லேருந்து. உங்க மக பள்ளிக்கூடத்துல கத்துக்கறது வேற மொழி, அதனால அவளுக்குப் பாதி கூடப் புரியாது. இப்போதைக்கு சப்டைட்டில் தான் கதி.

நல்ல சப்டைட்டில்னா என்னன்னு பாத்து வாங்குங்க. எழுத்தைப் பெருசு பண்ண முடியணும், பின்னாடி கறுப்புப் பட்டை போட முடியணும், பேசறவர் பேர் வரணும், பேர் வேற வேற கலர்ல வந்தா இன்னும் நல்லது. ஆள் திரைக்கு வெளிய நின்னு பேசினா எந்தப் பக்கம்னு அம்புக்குறி காட்டணும், லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2ல அது இருக்கு. பேச்சு மட்டும் போதாது, கதவு திறக்கற சத்தம், பின்னாடி உறுமற சத்தம் இதுக்கும் எழுத்து வரணும். 2022ல வந்த காட் ஆஃப் வார் ராக்னரோக்ல சத்தம் எந்தத் திசையிலேருந்து வருதுன்னும் சேர்த்துக் காட்டுது.

லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகத்தோட ப்ளேஸ்டேஷன் 5 பதிப்புல இன்னொரு விஷயம் உண்டு, வசனத்தைக் கன்ட்ரோலர் அதிர்வா கைக்குக் குடுக்கும். ஒருத்தர் கத்தறாரா, முணுமுணுக்கறாரா, எங்க அழுத்திச் சொல்றார்னு உள்ளங்கையில தெரியும். எழுத்துல "போ"ன்னு ஒரே வார்த்தை தான் இருக்கும், அது கெஞ்சலா கோவமான்னு காது கேக்கறவங்களுக்கு மட்டும் தானே இதுவரைக்கும் தெரிஞ்சுது.

சப்டைட்டில் உங்க மகளுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. யூபிசாஃப்ட் கம்பெனி அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸிங்கற கேம்ல ஆரம்பத்துலேயே சப்டைட்டிலைப் போட்டே குடுத்தாங்க, 95 சதவீதம் பேர் அதை அணைக்கவே இல்லையாம்.

அப்பாவுக்கு 62. ஸ்ட்ரோக் வந்து இடது கை சரியா வரல. பேரனோட உக்காந்து கதை கேம் ஆடறது தான் அவருக்கு ஒரே பொழுதுபோக்கு. ஒத்தைக் கை கன்ட்ரோலர் வாங்கலாமா?
— சாட்ஸ்வொர்த் வாசகி

வாங்கறதுக்கு முன்னாடி காசில்லாம செய்யக்கூடியதைச் செஞ்சுடும்மா. கேம் செட்டிங்ல "அமுக்கிப் பிடி"ங்கறதையெல்லாம் "ஒரு தடவை அமுக்கு"ன்னு மாத்து. படபடன்னு ஒரே பட்டனைக் குத்த வேண்டிய இடத்தை "பிடிச்சா போதும்"னு மாத்து. குறி தானா ஒட்டற மாதிரி வை. கேம்லயே பட்டனை மாத்த முடியலைன்னாலும் ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ரெண்டுலயும் மெஷின் செட்டிங்லேயே மாத்திக்கலாம், எல்லாக் கேமுக்கும் அது செல்லும்.

அப்புறம் பேரன் பக்கத்துலயே இருக்கான்னு சொன்னியே, அது தான் பெரிய வசதி. ரெண்டு கன்ட்ரோலரை ஒரே ஆளா சேர்க்கலாம், எக்ஸ்பாக்ஸ்ல கோபைலட்னு பேர், ப்ளேஸ்டேஷன் 5ல 2023லேருந்து அசிஸ்ட் கன்ட்ரோலர்னு வந்திருக்கு. தாத்தா வலது கையால கேமராவையும் வலது பக்க பட்டனையும் பாத்துக்குவார், பேரன் ஆளை நடத்தி இடது பக்க பட்டனைப் பாத்துக்குவான். சண்டை போட்டுக்கிட்டே ஆடுவாங்க, அது வேற விஷயம்.

இதெல்லாம் பத்தலைன்னா தான் புதுசா வாங்கு. ப்ளேஸ்டேஷனோட ஆக்ஸஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பர்ல வந்தது, வட்டமா மேசை மேல படுத்துக் கெடக்கும், கையில தூக்கிப் பிடிக்க வேணாம், பட்டன் மூடியெல்லாம் கழட்டி மாத்தலாம். அதுல ஸ்டிக் ஒண்ணே ஒண்ணு தான், இதைக் கடையில சொல்ல மாட்டாங்க. எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018லேருந்து இருக்கு, ரெண்டு பெரிய பட்டன், பின்னாடி வரிசையா 19 துளை, கால் பெடலோ தனி சுவிட்சோ எது வேணும்னாலும் சொருகலாம். அந்த சுவிட்செல்லாம் தனிக்காசு, கணக்குப் போட்டுட்டு இறங்கு.

அவர் திரையோட இடது பக்கம் வர்றதை அடிக்கடி விடறாரான்னும் ஒரு கண்ணு வை. இடது கை விழுந்தவங்கள்ல சிலருக்கு இடது பக்கமே கவனத்துல வராது, எந்த செட்டிங்காலயும் அது சரியாகாது, தெரபிஸ்ட்கிட்ட சொல்லணும்.

கை வேகமே வேணாம்னா டிஸ்கோ எலிசியம் மாதிரி கேம் பாரு, மௌஸ் ஒண்ணே போதும், வசனம் தேர்ந்தெடுக்க நேரக் கெடு கிடையாது, ஆனா படிக்க மலை மாதிரி இருக்கும். 2022ல வந்த ஆஸ் டஸ்க் ஃபால்ஸ் குடும்பமா ஆடலாம், ஆளுக்கொரு போன்ல பதில் தட்டலாம், பதில் சொல்ற நேரத்தையும் கூட்டிக்கலாம்.

கேம் ஆடினா பத்து நிமிஷத்துல தலை சுத்தி வாந்தி வருது. கண்ணாடி போடணுமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

கண்ணையும் காட்டிடுங்க, ஆனா முதல்ல மோஷன் ப்ளர் (வேகமா நகரும்போது படம் மங்கறது), கேமரா ஆட்டம் ரெண்டையும் அணைங்க. ஃபீல்ட் ஆஃப் வியூ, அதாவது திரையில எவ்வளவு அகலமா இடம் தெரியுதுங்கற செட்டிங், இருந்தா கூட்டுங்க. நடுவுல ஒரு புள்ளி வைக்கற செட்டிங் சில கேம்ல உண்டு, கண்ணு அதைப் பிடிச்சுக்கிட்டா வயிறு அடங்கும். லைட்டைப் போட்டுட்டு ஆடுங்க.

செவப்பு பச்சை வித்தியாசம் தெரியாது எனக்கு. கலர்பிளைண்ட் மோட் போட்டா எல்லாமே கேவலமா தெரியுது?
— லாடியம் வாசகர்

நெறையப் பேர் சொல்ற புகார் தான். படம் முழுக்க ஒரு சாயத்தைப் பூசிட்டு மோட்னு பேர் வச்சுடறாங்க. ரோட்டுல ரோபோட், அதாவது சிக்னல் லைட், செவப்பா பச்சையான்னு மேல எரியுதா கீழ எரியுதான்னு வச்சுத் தானே கண்டுபிடிக்கறீங்க, கேமும் அப்படி இடத்தாலயும் உருவத்தாலயும் சொல்லணும். எதிரிக்கு என்ன கலர், நம்ம ஆளுக்கு என்ன கலர்னு தனித்தனியா மாத்த விடற கேமா பாருங்க.

தமிழ்க் கதை கேம் ஏதாவது உண்டா அக்கா? ஆயாவுக்குக் காட்டணும்.
— மெர்பேங்க் வாசகி

வெண்பா, 2023ல வந்தது, கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தோட கதை, இட்லி புட்டு பிரியாணின்னு சமைச்சுக்கிட்டே கதை போகும். கெட்டுப் போனா திரும்ப செய்யலாம், யாரும் திட்ட மாட்டாங்க. வசனம் பூரா எழுத்து தான், பேசற குரல் கிடையாது. அதனால காது மந்தமானா தொல்லையில்ல, ஆயாவுக்குக் கண்ணு மங்கலா இருந்தா நீ பக்கத்துல உக்காந்து படிச்சுச் சொல்லணும். புட்டுக் குழாய்ல எது முதல்ல எது அப்புறம்னு அவங்க உனக்குச் சொல்லுவாங்க.

இந்த வசதியெல்லாம் இருக்கா இல்லையான்னு வாங்கறதுக்கு முன்னாடி எப்படித் தெரிஞ்சுக்கறது? ஏற்கனவே ஒரு தடவை காசு போச்சு.
— டர்பன் வாசகர்

ப்ளேஸ்டேஷன் 5 ஸ்டோர்ல கேம் பக்கத்துக்குப் போய் முக்கோண பட்டனை அமுக்குங்க, கம்பெனி விவரம் குடுத்திருந்தா ஆக்ஸஸிபிலிட்டி பட்டியல் வரும். எக்ஸ்பாக்ஸ் ஸ்டோர்லயும் அதே மாதிரி குறிச்சிருப்பாங்க. பட்டியல் காலியா இருந்தா அவசரப்படாதீங்க, யாராவது அந்த கேமோட செட்டிங் மெனுவைக் காட்டற வீடியோ யூடியூப்ல போட்டிருப்பாங்க, அதுல சப்டைட்டில் சைஸை நீங்களே கண்ணால பாத்துக்கலாம். கம்ப்யூட்டர்ல ஆடறவங்களா இருந்தா ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில வாங்குங்க, 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா காசைத் திருப்பிக் குடுத்துடுவாங்க. அந்த 2 மணி நேரத்துல முதல் அரை மணி நேரம் செட்டிங்லயே உக்காருங்க, கதையை அப்புறம் பாக்கலாம். ப்ளேஸ்டேஷன்ல டவுன்லோடு ஆரம்பிச்சுட்டா காசு திரும்பறது கஷ்டம், அதனால வாங்கினாலும் எல்லாம் பாத்து முடிக்கறவரைக்கும் டவுன்லோடு பட்டனைத் தொடாதீங்க.