கயாக்கில் கடலுக்குப் போகுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேனோ, கயாக், காற்றடைத்த கயாக் – கடலில் பழக எதை வாங்கலாம்?

கயாக் என்பது இரு முனையிலும் மட்டையுள்ள துடுப்பால் செலுத்தும் குறுகிய படகு. மேலே திறந்த தளத்தில் உட்காரும் ‘சிட்-ஆன்-டாப்’ கயாக்தான் தமிழகக் கடலோரத்துக்குச் சரி. அலை மேலேறினாலும் தளத்தில் உள்ள துளைகள் வழியே தண்ணீர் தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தால் நிமிர்த்தி மீண்டும் ஏறலாம். உள்ளே கால் நீட்டி உட்காரும் கயாக் வேகமானது. ஆனால் ஒருமுறை நிரம்பினால் 150 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், அதாவது 150 கிலோவுக்கு மேல். இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டைத் தண்ணீருக்கடியில் உருவி வெளியே வரப் பழகாதவர்கள் அதில் கடலுக்குப் போகக் கூடாது. ஒற்றை மட்டைத் துடுப்போடு வரும் திறந்த கேனோ காயலுக்கு அருமையான படகு. அலையடிக்கும் கரையில் நிரம்பிவிடும்.

காற்றடைத்த மலிவு ரகங்களைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். எடை குறைவு, தண்ணீரில் அமிழாமல் மேலேயே நிற்கும். காற்று அதை எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் போகும்.

காலை 7 மணிக்குக் கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தைரியமாகப் போகலாம்தானே?

அந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள். இந்தப் பதில்களில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். புதியவர்களைக் கடலுக்குள் கொண்டுபோய்விடுவது பெரும்பாலும் அலை அல்ல, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று.

காற்று அலையை எழுப்ப அதற்கு நீர்ப்பரப்பில் ஓட இடம் வேண்டும். கரையிலிருந்து வீசும்போது கரையோரத்தில் அந்த இடம் இல்லை, ஆகவே அங்கே தண்ணீர் சிலும்பாது. மரங்களும் வீடுகளும் காற்றை மறைத்துவிடுவதால் முகத்திலும் உறைக்காது. போகும்போது முதுகில் தள்ளுவதால் நன்றாகத் துடுப்பு போடுகிறோம் என்றே தோன்றும். ஒரு கிலோமீட்டர் தாண்டித் திரும்பும்போதுதான் வெள்ளை நுரையும் எதிர்க்காற்றும் தெரியும். பழகாதவரின் வேகம் மணிக்கு 4–5 கி.மீ. எதிர்க்காற்றின் வேகம் 15 ‘நாட்’ (knot; மணிக்குச் சுமார் 28 கி.மீ.) அளவைத் தொட்டால் பலர் நின்ற இடத்திலேயே துடுப்பு போடுவார்கள். அதுவும் கை ஓயும் வரைதான்.

கிழக்குக் கரையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இதே வேலையைச் செய்யும், கடல்காற்று எழும்பும் வரை. ஒரு கைப்பிடி உலர்ந்த மணலைத் தோளுயரத்திலிருந்து விடுங்கள். கரையில் நிற்கும் படகுகளின் கொடியைப் பாருங்கள். கடலை நோக்கிப் பறந்தால் அன்று காயலுக்குப் போங்கள். காற்று கரையை நோக்கியோ கரைவாக்கிலோ 10 ‘நாட்’ வேகத்துக்குள் வீசினால் இறங்கலாம். முதல் சில மாதங்கள் கரையிலிருந்து 300 மீட்டருக்குள் நில்லுங்கள்.

மாட்டிக்கொண்டால்: நிற்காதீர்கள், ஓய்வெடுக்கும் நேரமெல்லாம் படகு வெளியே நகர்கிறது. உடலை முன்னால் தாழ்த்தி, சின்னச் சின்னத் துடுப்பாக, கரையை நோக்கித் தொடர்ந்து போடுங்கள். புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டியதில்லை, கரையின் எந்த இடமானாலும் சரி. பத்து நிமிடம் போட்டும் கரை நெருங்கவில்லையென்றால் கையில் பலம் இருக்கும்போதே கடலோரக் காவல்படையை 1554-இல் அழையுங்கள். எக்காரணம் கொண்டும் படகை விட்டு நீந்தாதீர்கள். தேடி வருபவர்களுக்குப் படகு தெரியும், தலை தெரியாது.

செயலியில் காற்று மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. அலை உயரத்தோடு இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் பாருங்கள். 6 வினாடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலையும் 15 வினாடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலையும் ஒன்றல்ல. பின்னது தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலிலிருந்து புறப்பட்டு வருவது. ஆழத்தில் தெரியாது, கரையை எட்டும்போது எழும்பி உடையும். கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். வானம் தெளிந்து, காற்றே இல்லாத நாளிலும் வரும், குறிப்பாக ஏப்ரல்–மே மாதங்களில். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் (INCOIS) முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் கரையோரத்தில் கயாக் வேண்டவே வேண்டாம்.

கரையலையைத் தாண்டுவதற்குள் கவிழ்ந்துவிடுகிறேன். எங்கே தப்பு?

பெரும்பாலும் அவசரம்தான். அலைகள் கூட்டமாக வரும், நடுவே ஓய்வு இருக்கும். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உடையும் அலை இடுப்புக்கு மேல் இருந்தால் அன்று இறங்க வேண்டாம்.

முழங்கால் தண்ணீரில் படகின் அணியத்தை (முன்முனையை) அலைக்கு நேராக வைத்து, ஓய்வு தொடங்கியதும் உட்கார்ந்து போடத் தொடங்குங்கள். அலை முட்டும் கணத்தில் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் பிழை. துடுப்பு தண்ணீரில் இல்லையென்றால் படகு வேகமிழந்து பக்கவாட்டில் திரும்பும், அடுத்த அலை உருட்டிவிடும். நெற்றியை முன்னால் கொண்டுவந்து, அலையின் முதுகில் துடுப்பை ஊன்றி இழுங்கள்.

திரும்பும்போது உடையும் அலையின் முன்னால் வராமல் அதன் பின்னாலேயே வாருங்கள். படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அலை வரும் பக்கம் சாய்ந்து அதன் மேல் துடுப்பை அழுத்துங்கள். கரைப்பக்கம் சாய்ந்தால் கவிழ்வது நிச்சயம். ஆழமில்லாத இடத்தில் கடல் பக்கமாக இறங்குங்கள். கரைக்கும் படகுக்கும் நடுவில் நின்றால் அடுத்த அலை படகை உங்கள் காலில் மோதும். முழங்கால் முறிவது அப்படித்தான்.

நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டால் போதுமா?

முதலில் நீச்சல், பிறகு கடல். இரண்டுக்கும் இடையில், கழுத்தளவு தண்ணீரில் கவிழ்ந்து ஏறும் பயிற்சி.

கயாக்குக்கென்று வரும் 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) ஜாக்கெட் கையை வீச இடம் தரும், ஏறும்போது நெஞ்சில் இடிக்காது. ஆனால் அது நீந்தத் தெரிந்தவருக்கானது, மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. நீந்தத் தெரியாமல் காயலில் பழகுபவருக்கு 100 நியூட்டன் ரகம். எதுவானாலும் எல்லா வார்களையும் இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவரைத் தூக்கச் சொல்லுங்கள். தாடைக்கு மேல் ஏறினால் அளவு தவறு.

ஏறும் முறை: துடுப்பைக் கயிற்றில் கட்டிவைத்திருங்கள். படகின் அடியில் கைநீட்டி எதிர் விளிம்பைப் பிடித்து இழுத்து நிமிர்த்துங்கள். நடுப்பகுதியில் நின்று கால்களைப் பின்னால் மிதக்க விட்டு உதையுங்கள். கைகளால் மட்டும் தூக்கினால் படகுதான் உங்கள் மேல் கவிழும். வயிறு தளத்தில் படும்வரை சறுக்கி ஏறி, புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே கொண்டுவாருங்கள். தொடர்ந்து மூன்று முறை ஏற முடிந்தால் கடலுக்கு வாருங்கள்.

முட்டுக்காடு, பிச்சாவரம் போன்ற இடங்களில் ஆபத்து இல்லையா?

உள்ளே மிகக் குறைவு. ஆபத்து முகத்துவாரத்தில். நீர் வற்றும்போது காயல் நீர் குறுகிய வாய் வழியே கடலுக்குள் பாய்கிறது. எதிரே வரும் அலை அதில் மோதி, குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து உடையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு இன்னும் கூடும். ஏறும் நீரும் வற்றும் நீரும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக மாறிவரும், நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். புறப்படும்போது ஓட்டத்தை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது உதவும். பிச்சாவரத்தின் குறுகிய வாய்க்கால்களுக்கு நீர் ஏறியிருக்கும் நேரமே நல்லது.

ராமேஸ்வரம் பக்கம் எந்த மாதம் போகலாம்? தீவுகளில் இறங்கலாமா?

அங்கே இரண்டு கடல். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் தலைகீழ். ஊர்க்காரர்கள் ஆண் கடல், பெண் கடல் என்று சொல்வதும் இந்தப் பக்கங்களைத்தான். பிப்ரவரி–மார்ச் இரண்டுக்கும் பொதுவாகத் தோது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. பவளத்தின் மேல் கால் ஊன்றவும் கூடாது, ஒரே மிதியில் உடைவது திரும்ப வளர ஆண்டுகள் ஆகும். தனுஷ்கோடிக்குக் கிழக்கே சர்வதேச எல்லை பக்கத்திலேயே இருப்பதால் அந்தப் பக்கம் வேண்டாம்.

கூடவே என்ன எடுத்துப்போவது?

நம் கடலில் குளிர் அல்ல, வெயில்தான் எதிரி. மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் உப்பு-சர்க்கரைக் கரைசல், முழுக்கைச் சட்டை. விசில் ஜாக்கெட்டிலேயே கட்டியிருக்கட்டும். தண்ணீர் புகாத உறையிலிட்ட போன் படகில் அல்ல, உடம்பில் இருக்கட்டும். எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த நேரம் தாண்டினால் 1554 அல்லது கடலோரக் காவல் குழுமத்தின் 1093-ஐ அவர் அழைக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்திலேயே தோள் வலிக்கிறது.

கையால் இழுக்கிறீர்கள். துடுப்பைப் பாதத்தருகே ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, மட்டை இடுப்பருகே வந்ததும் வெளியே எடுங்கள். அதற்குப் பின்னால் இழுப்பது தோளுக்குத்தான் கேடு. பிடியைத் தளர்த்துங்கள்.

படகு வரவர கனமாகிறதே?

உள்கூட்டில் தண்ணீர் சேர்கிறது. கரையேறியதும் வடிமூடியைத் திறந்து வடித்து, எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஒரு குவளை என்றால் மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும். ஒரு வாளி என்றால் அடிப்பக்கத்தில் விரிசல், பெரும்பாலும் தரையில் இழுத்த பின்முனையிலும் வடிதுளைகளின் விளிம்பிலும் இருக்கும். அடைக்கும் வரை படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.