கோரல்லாவுக்குக் கடை பிராண்ட் ஆயில் போதுமா?

தம்பி,

கோயம்புத்தூரிலிருந்து மினியாபொலிஸ் வந்து நான்கு மாதம் ஆகிறது, 92,000 மைல் ஓடிய 2015 கோரல்லா ஒன்றை வாங்கியிருக்கிறேன், வால்மார்ட்டின் சூப்பர்டெக் சிந்தெடிக் ஆயில் போட்டால் இன்ஜின் போய்விடும் என்று அறைத் தோழர் பயமுறுத்துகிறார், டீலரிடம் போனால் 90 டாலர் கேட்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். போடலாம். தைரியமாகப் போடலாம். நான் இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. பல வருஷமாக வீட்டில் இருக்கும் இரண்டு கார்களுக்கும் சூப்பர்டெக்தான், காஸ்ட்கோ பக்கம் போனால் அவர்களுடைய கிர்க்லண்ட். ஒரு கார் 1,80,000 மைல் தாண்டி இன்னும் என் மகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விடுகிறது.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் திருநெல்வேலியில் அப்பாவின் ஸ்கூட்டரை மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் வளர்ந்தவன். ஊரில் 'கம்பெனி ஆயில்' என்றால் நம்பலாம், 'லோக்கல்' என்றால் எந்த டிரம்மில் பிடித்ததோ தெரியாது. பெரிய கம்பெனியின் காலி டப்பாவில் மட்டமான எண்ணெயை ஊற்றி விற்பது அங்கே உண்மையாகவே நடக்கிற காரியம். அதனால் அப்பா மெக்கானிக்கைக் கண்ணெதிரே சீலை உடைக்கச் சொல்வார்; காலி டப்பாவை ஆணியால் குத்தி ஓட்டை போட்டுவிட்டுத்தான் வீசுவார். அந்த எச்சரிக்கை அங்கே நியாயமானது. ஆனால் இங்கே 'கடை பிராண்ட்' என்று கேட்டதும் மனம் அதை 'லோக்கல்' என்று எடுத்துக்கொள்கிறது பாருங்கள், அங்கேதான் தப்பு. ஒரு பெரிய கடை தன் பெயரைப் போட்டு விற்கிறது, அவ்வளவுதான். எண்ணெயைக் கலப்பவர்கள் அதையே தொழிலாகக் கொண்டவர்கள். நெப்ராஸ்காவில் ஒமாஹா நகரத்து வாரன் டிஸ்ட்ரிபியூஷன் மாதிரியான நிறுவனங்கள் பல கடைகளின் பெயரில் இப்படி எண்ணெய் தயாரிக்கின்றன. எண்ணெயில் சேர்க்கும் ரசாயனக் கலவை, தேய்மானத்தைத் தடுப்பதும் அழுக்கைப் பிடித்து வைப்பதும் அதுதான், லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஓரோனைட் என்ற நான்கு பெரிய நிறுவனங்களிடமிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. விலை உயர்ந்த பெயர்களுக்கும் அதே வாசல்கள்தான்.

அறைத் தோழர் "அது அசல் சிந்தெடிக்கே இல்லை" என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இது பழைய வழக்கு. கச்சா எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்துக் கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயை சிந்தெடிக் என்று அழைக்கலாமா என்று எண்ணெய்க் கம்பெனியான மொபில் ஆட்சேபித்தது, போட்டிக் கம்பெனியான காஸ்ட்ரால் அழைப்போம் என்றது. விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999இல் காஸ்ட்ரால் பக்கம் நின்றது. அதிலிருந்து இந்த நாட்டில் சிந்தெடிக் என்று விற்கும் எண்ணெயில் ஏராளம் அந்த மூன்றாம் வகைதான், பெரிய பிராண்டுகளிலும் கூட. ஆகவே அந்தச் சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முடிவு செய்ய வேண்டியது டப்பாவின் மேல் இருக்கும் இரண்டு முத்திரைகளை வைத்து. இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். டப்பாவின் முன்பக்கம் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு சின்ன முத்திரை இருக்கும். பின்பக்கம் வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு ஒரு வட்டம் இருக்கும். வட்டத்தின் மேல் வளைவில் 'ஏபிஐ சர்வீஸ் எஸ்பி' என்றோ, 2025 மார்ச் கடைசியில் வந்த புதிய தரமானால் 'எஸ்க்யூ' என்றோ போட்டிருக்கும். நடுவில் தடிப்பு எண், உங்கள் கோரல்லாவுக்கு 0டபிள்யூ-20. எஸ்பி 2020 மே மாதம் வந்தது. அதற்கு முன் இருந்த தரங்களுக்குப் பதிலாக அதைப் போடலாம் என்பதால் 2015 வண்டிக்கு எந்தத் தடையும் இல்லை. இந்த முத்திரையை யாரும் சும்மா அச்சடித்துவிட முடியாது. ஏபிஐ, அதாவது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டிடம் உரிமம் வாங்க வேண்டும். அவர்கள் கடைகளில் விற்கும் டப்பாக்களை வாங்கிச் சோதித்தும் பார்க்கிறார்கள். உரிமம் பெற்ற எண்ணெய்களின் பட்டியல் அவர்களுடைய தளத்தில் இருக்கிறது, நீங்களே தேடிப் பார்க்கலாம். ஊரில் அப்பா ஆணியால் செய்த வேலையை இங்கே ஒரு முறைமை செய்கிறது.

உங்கள் வண்டியின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். டொயோட்டாவின் சொந்த எண்ணெய், அல்லது அதே தரமும் தடிப்பும் உள்ள இணையான எண்ணெய் என்றுதான் இருக்கும். பிராண்ட் பெயரைக் கட்டாயமாக்கவில்லை. நாளைக்கு வாரண்டி உள்ள புது வண்டி வாங்கினாலும் இதே கதைதான். 1975ஆம் ஆண்டின் மாக்னுசன்-மாஸ் சட்டப்படி, இலவசமாகக் கொடுத்தாலொழிய, எங்கள் பிராண்ட் எண்ணெயைப் போட்டால்தான் வாரண்டி என்று சொல்ல முடியாது. எண்ணெயும் ஃபில்டரும் வாங்கிய ரசீதையும் மாற்றிய தேதியையும் மைலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

உண்மையில் பயப்பட வேண்டிய எண்ணெய் வேறு. சில பெட்ரோல் பங்குகளிலும் மலிவு விலைக் கடைகளிலும் பளபளப்பான லேபிளோடு 10டபிள்யூ-40 விற்கும். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'எஸ்எஃப்' என்றோ 'எஸ்ஏ' என்றோ இருக்கும். இரண்டும் பழைய ஏபிஐ தரங்கள். எஸ்எஃப் என்பது 1988க்குப் பிறகு வந்த பெரும்பாலான இன்ஜின்களுக்கு ஆகாது. எஸ்ஏ 1930க்குப் பிறகே ஆகாது. இவை இன்றும் விற்பனைக்கு வருகின்றன என்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிற விஷயம், ஏனென்றால் இவற்றை வாங்குகிறவர்கள் கையில் காசு குறைவாக இருப்பவர்கள், புதிதாக வந்தவர்கள். சூப்பர்டெக்கையும் கிர்க்லண்டையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

இப்போது என் முதல் காரைப் பற்றிச் சொல்கிறேன், நான் சொல்ல வருவது இதில்தான் இருக்கிறது. வந்த புதிதில் ஒரு பழைய செடான் வாங்கினேன். எந்தக் கம்பெனி கார் என்பது முக்கியமில்லை. அப்பாவின் பாடம் மனதில் இருந்ததால் கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த சிந்தெடிக்கை வாங்கி ஊற்றினேன். விலை கூடின எண்ணெய் போட்டாயிற்று, இனி கவலை இல்லை என்று பானெட்டையே திறக்கவில்லை. அந்த இன்ஜின் எண்ணெய் குடிக்கும் இன்ஜின். சொட்டுக்கூடக் கீழே விழாது, உள்ளேயே எரிந்துகொண்டிருக்கும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின்ட் கிளவுடில் இருந்து 94ஆம் நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது முதலில் தட்டுகிற சத்தம், அப்புறம் சிவப்பு விளக்கு, நான் ஓரங்கட்டுவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. வெளியே மைனஸ் 24 டிகிரி செல்சியஸ். மனைவியும் ஏழு மாதக் குழந்தையும் பின்சீட்டில். ஒரு டிரக் ஓட்டுநர் நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். இழுத்துப்போன வண்டியின் டிப்ஸ்டிக்கை, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை, மெக்கானிக் உருவிக் காட்டினார்; நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. உள்ளே இருந்த கொஞ்சம் எண்ணெய் உலகத்திலேயே நல்ல எண்ணெய்தான். இருக்க வேண்டிய அளவு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதனால் தம்பி, பிராண்டைப் பற்றி யோசிக்கிற நேரத்தில் பாதியை அளவுக்கும் காலத்துக்கும் கொடுங்கள். டொயோட்டா இந்த வண்டிக்கு 10,000 மைல் அல்லது ஒரு வருஷம் என்கிறது. ஆனால் அதே கையேட்டில் கடினமான சூழ்நிலை என்று இன்னொரு பட்டியல் இருக்கிறது, பலர் படிப்பதே இல்லை. உறைநிலைக்குக் கீழே ஐந்து மைலுக்கும் குறைவான தூரம் அடிக்கடி ஓட்டினால் 5,000 மைல் அல்லது ஆறு மாதம். அலுவலகம் மூன்று மைல் என்று எழுதியிருந்தீர்கள். மினசோட்டாவில் நவம்பரிலிருந்து மார்ச் வரை நீங்கள் தினமும் அந்தப் பட்டியலில்தான் இருப்பீர்கள். இன்ஜின் சூடாவதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். எரிவதில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் இறங்கி, வெளியேறச் சூடு போதாமல் அங்கேயே தங்கிவிடும். பிப்ரவரியில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெளிர் பசை படிந்திருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் அது இந்தத் தண்ணீர்தான். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறைகிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்தால் அது வேறு வியாதி. வாரம் ஒருநாள் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் இன்ஜின் நன்றாக உலரும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றப்போகும் எண்ணெய்க்கு விலை உயர்ந்த பிராண்ட் வாங்குவதைவிட, கடை பிராண்டை வாங்கித் தவறாமல் மாற்றுவது இன்ஜினுக்கு நல்லது.

0டபிள்யூவில் இருக்கும் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. அந்த எண்ணெய் மைனஸ் 35 டிகிரியிலும் இன்ஜின் சுழலும் அளவுக்கு இளகி இருக்கிறதா என்று சோதித்துத்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். "நம்ம ஊரில் தடிப்பா போடுவோமே" என்று 20டபிள்யூ-50 போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கோயம்புத்தூர் வெயிலில் ஓடும் பழைய வண்டிக்கு.

விலை உயர்ந்ததை நான் எப்போது சொல்வேன்? 15,000, 20,000 மைல் வரை மாற்றாமல் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு, அதற்கென்றே விற்கும் எண்ணெய்கள் உண்டு. அந்த ஆட்டத்தைக் கடை பிராண்டை வைத்து ஆடக்கூடாது. ஜெர்மன் கார் வாங்கினால் பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் கையேட்டில் சொல்லும் ஒப்புதல் எண் டப்பாவில் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கோரல்லாவுக்கு இது எதுவும் வேண்டாம்.

மாற்றுவது எப்படி என்று கேட்டீர்கள். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கீழே படுத்து வேலை செய்வதைப் பல வாடகை ஒப்பந்தங்கள் தடை செய்கின்றன, முதலில் அதைப் படியுங்கள். வால்மார்ட்டின் ஆட்டோ கேர் பிரிவிலேயே அவர்கள் எண்ணெயைப் போட்டு மாற்றித் தருவார்கள், டீலர் சொன்னதைவிடக் குறைவாகவே முடியும். நண்பர் கராஜில் நீங்களே செய்வதானால் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டோ ரேம்ப்போ கட்டாயம். உங்கள் இன்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 4.4 குவார்ட் (ஒரு குவார்ட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்), ஐந்து குவார்ட் டப்பா ஒன்று போதும், மீதியை டிக்கியில் வையுங்கள். ஃபில்டரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இந்த வண்டியில் காகித ஃபில்டர் ஒரு கூட்டுக்குள் இருக்கும், பழைய ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதை எண்ணெய் தடவிப் போடுங்கள். பழைய எண்ணெயை மண்ணிலோ சாக்கடையிலோ தயவுசெய்து ஊற்றாதீர்கள். ஒரு தடவை மாற்றும் எண்ணெய் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று இந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. ஆட்டோசோன், ஓரைலி கடைகளில் காசு வாங்காமல் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். 92,000 மைல் ஓடிய வண்டி, முன்னால் வைத்திருந்தவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று நமக்குத் தெரியாது. நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில் நிற்கும்போதே, டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு புள்ளிக்கு நடுவில் இருந்தால் வார இறுதி வரை ஓட்டலாம். கீழ்ப் புள்ளிக்கும் கீழே இருந்தால் அலுவலகத்துக்கு பஸ்ஸில் போய், வரும் வழியில் ஒரு குவார்ட் 0டபிள்யூ-20 வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளந்து பார்த்துவிட்டு அப்புறம் சாவியைப் போடுங்கள். எங்கே நிற்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.