புஷ் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

கேள்வி: எங்கள் பட்டறை அரைவை இயந்திரத்தின் 50 மில்லிமீற்றர் தண்டுக்குப் போடும் வெண்கலப் புஷ் (தண்டு உள்ளே சுழலும் உருளை வடிவ உறை) சில மாதங்களிலேயே தேய்ந்துவிடுகிறது. எண்ணெய்க் காடி (எண்ணெய் பரவ புஷ்ஷின் உட்புறத்தில் வெட்டிய பள்ளம்) அடிப்பக்கத்தில் உள்ளது. போல் பேரிங்குக்கு மாறலாமா?
– வாசகர், கிராண்ட்பாஸ், கொழும்பு

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், குறை பெரும்பாலும் அந்தக் காடியில்தான் இருக்கிறது. சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, சுமை அழுத்தும் பக்கத்தில் ஆப்பு வடிவான மெல்லிய படலமாக்குகிறது. அப்படலத்தில் எழும் அழுத்தமே உலோகத்தோடு உலோகம் உராயாதபடி தண்டைத் தாங்குகிறது. சுமை விழும் இடத்திலேயே காடியை வெட்டினால் அந்த அழுத்தம் அதன் வழியே வடிந்துபோகும். கழற்றிய புஷ்ஷின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள்: பளபளவென்று தேய்ந்திருக்கும் பக்கமே சுமைப் பக்கம். பெல்ட் இழுக்கும் திசையைப் பொறுத்து அது பக்கவாட்டிலும் இருக்கலாம். எண்ணெய் விடும் துளையையும் காடியையும் அதற்கு எதிர்ப்புறத்தில் அமையுங்கள்.

தண்டுக்கும் புஷ்ஷுக்கும் உள்ள இடைவெளி தண்டின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது உங்களுக்கு 0.05 மில்லிமீற்றர் அளவில் இருப்பது பொது வழக்கம். புஷ்ஷை இறுக்கி அடித்து ஏற்றியதும் உள்விட்டம் சுருங்கும் என்பதால், ஏற்றிய பின்னரே அளந்து ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போட வேண்டும். பல பட்டறைகளில் இதைக் கவனிப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது. தண்டு புஷ்ஷைவிடக் கடினமாக இருப்பதும் அவசியம். இயந்திரம் மிக மெதுவாகச் சுழன்றாலோ, அடிக்கடி நின்று புறப்பட்டாலோ படலம் முழுமையாக உருவாகாது. அத்தகைய வேலைக்கு எண்ணெய் ஊறிய நுண்துளை வெண்கலப் புஷ் பொருத்தமானது.