கால்வனைஸ்: தவளைக் காலும் தகர வாளியும்

கேள்வி: ஒரு தலைவரின் பேச்சு தொண்டர்களை ‘கால்வனைஸ்’ செய்தது என்று ஆங்கில நாளிதழில் படித்தேன். அகராதியைப் புரட்டினால் ‘இரும்புக்குத் துத்தநாகம் பூசுதல்’ என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே சொல்தானா, சார்?
– கல்லூரி மாணவி, திருமங்கலம்

பதில்: ஒரே சொல்தான் அம்மா. இரண்டு அர்த்தமும் ஒரே மனிதரின் பெயரிலிருந்து வந்தவை. லூயிஜி கால்வானி, இத்தாலியின் போலோன்யா நகரத்து மருத்துவர். 1780களில் செத்த தவளையின் காலை அறுத்து வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பக்கத்து மின் எந்திரத்தில் பொறி பறந்த நேரம் கத்தி முனை நரம்பில் பட, கால் வெடுக்கென்று உதறியது. பிறகு பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பியில் தொங்கவிட்டார். எந்திரம் இல்லாமலே துடித்தது. தவளையின் உடம்பிலேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-இல் எழுதி வெளியிட்டார்.

இன்னொரு இத்தாலிய விஞ்ஞானி வோல்டா இதை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் சேர்வதால்தான் மின்சாரம் பிறக்கிறது என்றார். 1800-இல் துத்தநாகத்தையும் வெள்ளியையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டை வைத்து மின்கல அடுக்கையே செய்து காட்டினார். ஆனாலும் கால்வானியின் பெயர் வினைச்சொல்லாக நிலைத்துவிட்டது. முதலில் ‘மின்சாரம் பாய்ச்சித் துடிக்க வைத்தல்’. அதிலிருந்து, சும்மா கிடந்தவர்களைச் சட்டென்று கிளப்பிவிடுதல். நீங்கள் படித்தது இந்த அர்த்தம்.

சரி, துத்தநாகம் பூசிய வாளிக்கு வருவோம். 1837-இல் பிரான்சில் சோரெல் என்பவர் காப்புரிமை வாங்கினார். இரும்பை அமிலத்தில் கழுவி, சுமார் 450 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறை. இதில் மின்சாரமே பாய்ச்சுவதில்லை. அப்புறம் ஏன் இந்தப் பெயர்? பூச்சு இரும்பைக் காக்கும் விதம் மின்சார விதம். ஈரம் பட்டதும் துத்தநாகமும் இரும்பும் வோல்டாவின் அடுக்குபோலவே வேலை செய்கின்றன. துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றுகிறது. பெயின்ட் அடித்த இரும்பில் கீறல் விழுந்தால் அங்கேயே துரு பிடித்துவிடும். துத்தநாகம் பூசியதில் சின்னக் கீறலை ஓரத்துப் பூச்சே பார்த்துக்கொள்ளும். எனக்கு இந்தச் சொல்லில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

என் அப்பா மதுரையில் இரும்புக்கடை வைத்திருந்தார். புது வாளியை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மேலெல்லாம் வெள்ளிப் பூப்பூவாக மின்னும். துத்தநாகம் ஆறும்போது படிகமாக உறைவதால் வரும் பூ அது. ஜி.ஐ. (கால்வனைஸ்டு அயர்ன்) பைப் வாங்க வருகிறவர்களிடம், “மரை போட்ட இடத்தைப் பாத்துக்கங்க, துரு அங்கதான் மொதல்ல வரும்” என்பார். மரை வெட்டும்போது பூச்சு போய்விடுகிறதே. ஜி.ஐ.யில் உள்ள ‘ஜி’ நம் கால்வானியேதான்.

இனி உபயோகம். ‘என்கரேஜ்’ வருகிற இடத்திலெல்லாம் இதைப் போடாதீர்கள். பரீட்சைக்குப் படிக்கும் தம்பியைத் தட்டிக்கொடுப்பது என்கரேஜ். கால்வனைஸ் என்றால் திடீர் அதிர்ச்சி வேண்டும், அதுவரை அசையாதவர்கள் அசைய வேண்டும். 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கம் மைதானத்திலும் மாணவர்கள் ராப்பகலாக உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ‘த ஜல்லிக்கட்டு பேன் கேல்வனைஸ்டு த யூத்’ என்று எழுதினால் கச்சிதம். செயலில் இறங்கியதையும் சொல்ல வேண்டுமென்றால் ‘இன்டு ஆக்‌ஷன்’ சேருங்கள். கிளப்பிவிட்டது ஒரு நல்ல செய்தியாகவும் இருக்கலாம், ஒரு அநியாயமாகவும் இருக்கலாம். சொல் இரண்டுக்கும் பொருந்தும்.

கடையில் ‘கால்வனைஸ்’ என்றே கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசும்போது ‘கேல்’ என்று தொடங்கி அதில் அழுத்தம் கொடுங்கள்.