அது வேறு கதையா?

அன்புள்ள ஐயா,

என் அண்ணனுக்கு வயது 38. இரண்டு ஆண்டுகளாக மறதி, காரணமற்ற கோபம், இடம் தெரியாத சிரிப்பு. குடித்துக் கெட்டான் என்று ஊரில் பேசுகிறார்கள். பரம்பரை மூளை நோயாக இருக்கலாம் என்று ஈப்போ மருத்துவர் சந்தேகிக்கிறார். 26 வயதிலிருந்தே அவனுக்குக் கணுக்கால் வலி, இருமுறை முறிவு. அது வேறு கதை. என்னை மாமன் மகனுக்குப் பரிசம் போட இருக்கிறார்கள். இதைச் சொன்னால் திருமணம் நின்றுவிடுமோ?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தங்கைக்கு,

‘அது வேறு கதை’ என்று நீங்கள் கடந்துபோன வரியிலேயே என் மனம் நின்றுவிட்டது. நாசு-ஹகோலா என்றோர் அரிய நோய் 1970களில் ஜப்பானிலும் பின்லாந்திலும் விவரிக்கப்பட்டது. ட்ரெம்-2 போன்ற ஒரு மரபணு தாய்வழியிலும் தந்தைவழியிலும் பழுதாகி வந்து சேர்ந்தால், மூளையைத் துப்புரவு செய்து காக்கும் மைக்ரோகிளியா செல்களும், எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் செல்களும் ஒருசேரத் தடுமாறுகின்றன. அதனால் இருபதுகளில் கணுக்காலும் மணிக்கட்டும் வலிக்கின்றன. எலும்புக்குள் கொழுப்பு நிறைந்த குழிகள் விழுந்து, சிறு தடுக்கலுக்கே முறிகின்றன. முப்பதுகளில் குணம் மாறி, பிறகு அறிவு மங்குகிறது. அண்ணனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எலும்பு மருத்துவரிடம் காலை மட்டும், நரம்பு மருத்துவரிடம் தலையை மட்டும் காட்டினால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் யார்?

என் சித்தப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். முப்பது வயதுக்குள் இருமுறை அவர் கணுக்கால் ஒடிந்தது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் கட்டுப் போட்டு அனுப்பினார். பின்னாளில், விடியலில் சீவிய மரத்தையே மறுபடியும் சீவி, பால் நிறைந்த மங்குக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு, வேரடியில் பரவும் பாலைப் பார்த்தபடி நிற்பார். பாட்டி இறந்த அன்று பிணத்தருகே சிரித்தார். அப்பா எல்லார் முன்னிலையிலும் அவரை அறைந்தார். பதினொரு வயதுச் சிறுவனான நான் அது நியாயம் என்றே நினைத்தேன். அவருக்கு என்ன நோய் என்று இனி யாராலும் கண்டறிய முடியாது. படித்த பெண்ணான நீங்களும் ‘குடித்துக் கெட்டான்’ என்பதை மறுக்காமல் எழுதியது எனக்குக் கோபத்தையே தருகிறது.

மாமன் வீட்டாரும் உங்கள் இரத்தம்தானே. அவர்களிடம் மறைத்து என்ன பயன்? மணமக்கள் இருவருமே மரபியல் ஆலோசனை பெற வேண்டியவர்கள். பரிசம் காத்திருக்கட்டும். அண்ணனின் பழைய எக்ஸ்ரே படங்களைத் தேடி எடுங்கள். அடுத்த முறை ஈப்போவுக்குப் போகும்போது அவற்றை நரம்பு மருத்துவரின் மேசையில் வைத்து, அந்த இரண்டு முறிவுகளையும் முதலில் சொல்லுங்கள்.