2009-இல் சரணடைந்து காணாமல் போனவருக்காக சேலத்திலிருந்தே ஐ.நா.வுக்குப் புகார் கொடுக்க முடியுமா?

முடியும். சித்தி தாரமங்கலம் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறார், அவர் மகன் 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகலில் இலங்கை ராணுவத்திடம் சரணடைந்தபின் தகவலே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சித்தி அங்கே நின்று கண்ணால் பார்த்தவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஜெனீவாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் கேஸ் போடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த நீதிமன்றத்தை உண்டாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் இலங்கை சேராத நாடு.

வழி இரண்டு. ஒன்று, 1980 முதல் இயங்கும் ஐ.நா.வின் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான செயற்குழு. அது யாரையும் தண்டிக்காது. "இவர் எங்கே" என்று அரசிடம் கேட்கும். மற்றது, 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானத்தால், மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்குள் உண்டான ஆதாரம் திரட்டும் பிரிவு. அதுவும் வழக்கு நடத்தாது. திரட்டிப் பாதுகாத்து, வேறொரு நாட்டில் விசாரணை வந்தால் பயன்படும்படி வைத்திருக்கும். யாரிடம் பகிரலாம், பெயரோடா பெயரில்லாமலா என்பதில் சித்தியின் சம்மதத்தைத் தனியாக எழுதுங்கள்.

செயற்குழுவுக்கு முக்கியமாக வேண்டியது: முழுப்பெயர், தேதி (குறைந்தது மாதமும் வருடமும்), இடம், கொண்டுபோனது யார், இதுவரை குடும்பம் எங்கெல்லாம் கேட்டது. இடறுவது பெரும்பாலும் பெயரிலும் பிறந்த தேதியிலும்தான். சித்தப்பா பெயர் அங்கே தங்கராசா, இங்கே முகாம் அட்டையில் தங்கராஜ் என்று இருக்கும். பழைய இலங்கை அடையாள அட்டை எண் கிடைத்தால் பாருங்கள்: முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு 500 கூட்டியிருப்பார்கள். 82045 என்று தொடங்கினால் 1982 பிப்ரவரி 14. வேறு தாளில் வேறு தேதி இருந்தால் இரண்டையும் எழுதி, ஏன் மாறியது என்று ஒரு வரி சேருங்கள். மறைத்தால் பின்னால் அதையே பிடித்து மொத்தத்தையும் பொய் என்பார்கள்.

வாக்குமூலத்தை அவசரப்படுத்தாதீர்கள். "பச்சை யூனிஃபார்ம்தானே?" என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது, "என்ன உடுத்தியிருந்தார்கள்?" என்று கேளுங்கள். அவர் பார்த்தது, காதால் கேட்டது, பிறகு மற்றவர் சொன்னது, மூன்றும் தனித்தனிப் பத்தியில் வரட்டும். மகன் ஏறிய பஸ்ஸை அவர் பார்த்தார், அது எங்கே போனது என்பதை மருமகள் சொன்னார் என்றால் அப்படியே எழுதுங்கள். தேதி நினைவில்லை, "பாலம் தாண்டி மூன்றாம் நாள்" என்றால் அதுவே போதும். நீங்களாக மே 18 என்று போடாதீர்கள். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, திருத்தச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். வன்னியில் இருக்கும் சாட்சியின் பெயரை அவரைக் கேட்காமல் எழுதவே கூடாது.

பழைய கடிதம், போட்டோ எதையும் தயவுசெய்து லேமினேட் பண்ணாதீர்கள். சூட்டில் மை மங்கும், பின்பக்க எழுத்தையும் தாளையும் பிறகு யாராலும் சோதிக்க முடியாது. போட்டோவை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதியும் இடமும் போய்விடும். மூலக் கோப்பை மெமரி கார்டில் வைத்துக்கொண்டு நகலை அனுப்புங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தில் தேடச் சொல்லிப் பதிந்த சீட்டு இருந்தால், முயற்சி எடுத்ததற்கு அதுவும் அத்தாட்சி. ஆனால் அவர்கள் ரகசியம் காப்பவர்கள், கோர்ட்டுக்குச் சாட்சி தர மாட்டார்கள்.

"புலிகள் செய்ததைச் சொல்வாயா?" என்று இங்கே சிலர் கேட்பார்கள். சொல்ல வேண்டும். இலங்கைப் போர் பற்றிய 2015 ஐ.நா. அறிக்கை, புலிகள் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்த்ததையும் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் பதிந்திருக்கிறது. பையனைப் புலிகள்தான் முதலில் பிடித்துப்போனார்கள் என்றால் வாக்குமூலத்தில் அதுவும் இருக்கட்டும். அதை விட்டுவிட்ட வாக்குமூலம்தான் குறுக்கு விசாரணையில் உடையும்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: சேலத்திலேயே பிறந்து வளர்ந்த முகாம் பிள்ளைகள் இன்னும் அகதி அட்டையோடு நிற்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குத்தான் வழி சொன்னது, அதில் இலங்கை இல்லை. அந்தப் பயத்தில்தான் பல தாய்மார் எதிலும் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். சித்தியும் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். எழுதி, அவர் கையிலேயே கொடுத்து வையுங்கள். செயற்குழு பழைய சம்பவங்களையும் ஏற்கும்.