அமெரிக்காவில் 1910 வாக்கில் வந்த சாரணர், படகு சாகச நாவல் தொடர்களில் மோட்டார் படகு ஏன் அடிக்கடி நடுவழியில் நின்றுபோகிறது?

கதையை இழுப்பதற்காக மட்டும் அல்ல. அந்தக் கால எஞ்சினே அப்படித்தான். அதன் அமைப்பு தெரிந்துவிட்டால், அந்த அமெரிக்கத் தொடர்களைப் படிக்கிற சுவையே வேறு.

அன்று சின்னப் படகுகளில் பரவலாக இருந்தது ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். பலவற்றில் கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. புரொப்பல்லர் தண்டு எஞ்சினோடு நேராகப் பிணைந்திருக்கும். எஞ்சின் பற்றிக்கொண்ட மறுநொடி படகு நகர்ந்துவிடும்.

ஸ்டார்ட் செய்ய, சிலிண்டர் தலையிலுள்ள சிறு கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி உள்ளே இறக்குவார்கள். தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்தி வைத்துவிட்டு, எஞ்சினின் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுற்றுவார்கள். தாமதப்படுத்த மறந்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் உதைக்கும், மணிக்கட்டு முறியலாம்.

நின்றுபோவதற்கு முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். ஒன்றரை வோல்ட் உலர் மின்கலங்கள் நான்கு முதல் ஆறு வரை தொடராக இணைத்திருப்பார்கள். தொடர்ந்து ஓடினால் அவை தளரும், ஓய்வு கொடுத்தால் ஓரளவு தேறும். செத்த எஞ்சின் அரை மணி கழித்துத் தானாகவே சரியாகிவிடுகிற காட்சி ஆசிரியரின் சௌகரியம் போலத் தோன்றும், நிஜத்திலும் நடந்ததுதான். மின்கலத்தின் அட்டை உறை நனைந்தாலும் மின்சாரம் கசிந்து வீணாகும்.

அடுத்தது பெட்ரோலில் கலந்த தண்ணீர். அது தொட்டியின் அடியில் தங்கும், குழாயும் அங்கேதான் தொடங்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பெட்ரோலை மென்தோலில் வடிகட்டி ஊற்றினார்கள். தோல் பெட்ரோலை விடும், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

ஆசிரியருக்குப் படகு தெரியுமா என்று பார்க்க எனக்கு மிகவும் பிடித்த சோதனை, படகு துறைக்கு வரும் காட்சி. ரிவர்ஸ் கியர் இல்லாத படகில் சுவிட்சை அணைத்து, ஃப்ளைவீல் கிட்டத்தட்ட நிற்கும் தறுவாயில், தீப்பொறியை முன்கூட்டி விழவைத்து மறுபடி போட வேண்டும். பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே எரிபொருள் வெடித்து அதைத் திருப்பித் தள்ளும். சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். சீக்கிரம் போட்டால் படகு முன்னோக்கியே பாயும். தாமதித்தால் எஞ்சின் நின்று படகு துறையில் மோதும். இதைப் பதற்றத்தோடு எழுதியவருக்குப் படகு தெரியும். பெரிய படகுகளில் ரிவர்ஸ் கியர் இருந்ததையும் மறக்க வேண்டாம்.

ஒரே தொடருக்குள்ளும் தரம் மாறும். இப்படிப் பல சிறுவர் தொடர்களைத் தயாரித்த ஸ்ட்ராட்மேயரின் நிறுவனத்தில் கதைச்சுருக்கம் ஒருவருடையது, எழுத்து இன்னொருவருடையது, அட்டையில் புனைபெயர். 1914-ல் அமெரிக்கச் சாரணர் அமைப்பின் தலைமை நூலகர் ஃபிராங்க்ளின் மாத்யூஸ் இந்த மலிவுத் தொடர்களைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஆனாலும் மொத்தமாக ஒதுக்க வேண்டியவை அல்ல. இர்விங் ஹான்காக்கின் ‘மோட்டார் போட் கிளப்’ தொடரிலிருந்து (1909) தொடங்கலாம். பழைய நூல்களின் இணைய நூலகமான குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.